அந்தப்பக்கம் அண்ணனுக்கு ஒரு ஸ்டேடியம்

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இதுவரை பந்து விளையாடித் தோற்ற அணிகள் எத்தனை இருந்தாலும், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ரசிகர்தான் உண்டு. அவர் எங்கள் அந்தப்பக்கம் அண்ணன். தோற்றவர்கள் எந்த ஊர், என்ன இனம், சட்டை என்ன நிறம் என்பதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையே கிடையாது. அவர்கள் பக்கம் ஆள் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் தாய்மாமன் என்கிற இடத்தில் 'அந்தப்பக்கம்' என்றே அச்சடித்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை யாரும் அச்சுப்பிழை என்று சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் புக்கிட் பெலண்டோக் பக்கம். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. பிறகு செம்பனையிலும் பாதி போய் வரிசை வீடுகள் வந்தன. ஆட்கள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் லுக்குட் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் பிரிந்து போய்விட்டார்கள். திடல் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எங்கெங்கோ இருப்பவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் அணிக்கு 'நாலாம் டிவிஷன்' என்று பெயர். தோட்டத்தின் நாலாவது டிவிஷனில் பிறந்த அணி என்று அர்த்தம். வெளியூர்க்காரர்கள் ஏதோ நாலாந்தர லீக்கில் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்த்த பிறகு அந்தக் கௌரவத்தையும் பறித்துக்கொண்டுவிடுவார்கள்.

திடலில் ஒரு பழக்கம் இருந்தது. மேற்குப் பக்கம் செம்பனை வரிசை. சாயங்காலம் அதன் நிழல் முழுக்க அந்தப் பக்கத்து ஓரத்தில் விழும். அந்த நிழல் எப்போதும் வந்தவர்களுக்குத்தான். உள்ளூர்க்காரர்களான நாங்கள் கிழக்குப் பக்கம் வெயிலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்போம். இடைவேளையில் தேநீர் வாளி முதலில் போவதும் நிழலுக்குத்தான். யார் இப்படி வைத்தார்கள் என்று தெரியாது. ஆனால் யாரும் மாற்றியதில்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு அண்ணன் வந்து நடுத்திடலில் நிற்பார். கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு முறை பார்ப்பார், அந்தப் பக்கம் ஒரு முறை பார்ப்பார். நாங்கள் ஐம்பது அறுபது பேர் இருப்போம். வெளியூர் அணியோடு லோரி ஓட்டி வந்தவர் ஒருவர் இருப்பார், சில நேரம் அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். அண்ணன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று எதிர்ப்பக்கம் போய்விடுவார். பிறகு தொண்ணூறு நிமிடமும் எங்களுக்கு எதிராக ஒரு தனி மனிதப் போராட்டம் நடக்கும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. நான் நாலாம் டிவிஷனின் நிரந்தர மாற்று ஆட்டக்காரன். சேகர் என்ற பெயர் ஒவ்வோர் ஆட்டத்திலும் இருக்கும், சேகர் பெஞ்சில் இருப்பான். காலில் பூட்ஸ், மடியில் தண்ணீர்ப் போத்தல், கண்ணெதிரே அந்தப்பக்கம் அண்ணன். இப்படியே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் இடையில் என்னைக் கிளப்புச் செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் கோல்கீப்பர் குமார், அண்ணனுடைய மனைவி அஞ்சலை அக்காவின் சொந்தத் தம்பி. அக்கா கல்யாணமாகி வந்ததும் பின்னாலேயே வேலை தேடி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, ஆனால் அந்த வேலைக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை. ஒருமுறை ரந்தாவ் பக்கத்து அணி ஒன்று வந்து, குமாரின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு பந்தை விட்டது. அதைப் பார்த்து அண்ணன் ஆடிய ஆட்டத்தில் குடைக்கம்பி வளைந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் குமார் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு நேராக அவரிடம் போனார்.

"மாமா, ஒங்க வீட்லதான் சாப்புடறேன். ஒங்க மச்சான் லா நானு."

"அதுக்கு?"

"கோல் விட்டதுக்கு ஆடறீங்களே!"

"ஒனக்கு அறுவது பேரு இருக்கான் குமாரு. அந்தப் பையனுக்கு யாரு இருக்கா, சொல்லு பாப்போம்."

"அவனோட அம்மா இருப்பாங்க!"

"வந்திருக்காங்களா? எங்க, காட்டு."

குமார் உண்மையிலேயே சுற்றிலும் தேடிப் பார்த்தார். அம்மா இல்லை. விவாதம் அதோடு முடிந்தது.

அஞ்சலை அக்கா மட்டும் எங்கள் பக்கம்தான். தேநீர் வாளி, வடைத் தட்டு, ஒரு முக்காலி, இதுதான் அவருடைய ராஜாங்கம். முக்காலியைக் கண்ட இடத்தில் போடமாட்டார். திடலுக்கு அந்தப் பக்கம் புருஷன் எங்கே நிற்கிறாரோ, அதற்கு நேர் எதிரே கொண்டுவந்து போடுவார். அவர் பத்தடி நகர்ந்தால் முக்காலியும் பத்தடி நகரும். திட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்பதற்காகத்தான் இப்படி என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். திட்டவும் செய்வார். "வீட்டுக்கு வரட்டும், இன்னிக்கு வெறும் ரசந்தான்" என்பது வாராவாரம் கேட்கும் தீர்ப்பு.

இரண்டு பக்கமும் ஆள் சமமாக இருந்தால் அண்ணன் என்ன செய்வார் என்று ஒரு நாள் தெரிந்துவிட்டது. ஒரு தீபாவளிக் கோப்பை ஆட்டத்துக்கு எதிரணி இரண்டு பஸ்ஸில் ஆள் கொண்டுவந்திருந்தது. அண்ணன் வெகுநேரம் நடுவில் நின்று யோசித்தார். பிறகு நடுவருக்கு ஆதரவளிக்கத் தொடங்கிவிட்டார். நடுவர் விசில் ஊதும்போதெல்லாம் "சபாஷ்! நல்ல விசில்!" என்று ஒரு குரல். பாவம், அந்த மனிதர் அதுவரை வசவைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஊதிவிட்டு ஊதிவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு அணிக்கும் வழக்கத்தைவிட நிறைய ஃபவுல் கிடைத்தது.

லுக்குட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை பெரிய திரையில் இங்கிலாந்து ஆட்டம் போடுவார்கள். கடை முழுக்கச் சிவப்புச் சட்டை. அண்ணன் உள்ளே நுழைந்து தலைகளைப் பார்ப்பார், ஒரு ரொட்டி சானாய் சொல்லிவிட்டு, எதிரணி எதுவோ அதற்குக் கத்துவார். அந்த அணியின் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. "அடிலா, வெள்ளச் சட்ட! விடாத!" என்பார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருக்கு மட்டும் வெளியே தகரக்கூரைக்கு அடியில் தனி மேசை போட்டுக் கொடுத்தார். அண்ணன் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்திலும் இதே கதைதான். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் "இவர் பெண் வீட்டுக்காரர்" என்றார்களாம். பெண் வீட்டார் "இல்லை, அவர் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா" என்றார்களாம். இன்றுவரை அது தீரவில்லை.

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் சோறு இறங்காது. இந்த மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று பல தடவை நேரிலேயே கேட்டிருக்கிறேன். ஒரு நாள் "நெழலுக்குத்தான் தம்பி" என்றார். சரி என்று விட்டேன். அடுத்த வாரம் வானம் மூடிக்கொண்டு எங்குமே நிழல் இல்லை, அப்போதும் போனார். இன்னொரு நாள் "நம்ம பக்கம் கூச்சல் சாஸ்தி, எனக்குக் கூச்சல் ஆவாது" என்றார். அந்த வட்டாரத்தின் கூச்சல் முழுவதும் இவர் ஒருவருடையது. மற்றொரு நாள் "எல்லாரும் ஒரே பக்கம் நின்னா திடல் சாஞ்சிறும்லா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். உண்மையான பதிலை மட்டும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டேடியம் வந்தது. அதாவது ஸ்டேடியம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. திடல் இருக்கும் நிலத்தில் சின்னதாக ஓர் அரங்கம் கட்டலாமா, கீழே கடையும் மேலே வீடுமாகக் கடைவீடுகள் கட்டலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். வரைபடம் போடும் கம்பெனியிலிருந்து சிரம்பான்காரப் பெண் ஒருவர் பாலாய் ராயா என்கிற ஊர் மண்டபத்துக்கு வந்து கூட்டம் போட்டார். பெயர் தர்ஷினி. எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டோம். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆட்களைத் தலை எண்ணிப் பேர் போடும் கணக்கராக, இருந்தவராம். "கிராணி பேத்தியா? அப்ப தலைய எண்ணாம போவாது" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மிஸ்ஸுக்கும் அது கேட்டுவிட்டது, சிரித்துக்கொண்டார்.

"ஓப்பனா சொல்றேன் அங்கிள்" என்றார் எங்கள் தலைவர் சண்முகத்தைப் பார்த்து. "லுக்குட்ல ஃபுட்சால் கோர்ட் இருக்கு. செனாவாங்ல பேட்மிண்டன் ஹால் இருக்கு. சிரம்பான் போனா பெரிய ஸ்டேடியமே இருக்கு. வீட்ல டிவில இங்கிலீஷ் மேட்ச், கைல போன்ல கேம். இத்தனையும் விட்டுட்டு இங்க வந்து உக்கார ஆளு இருக்கா? இருந்தா நான் ஸ்டேடியம்னு எழுதிக் குடுப்பேன். இல்லன்னா கடைவீடுதான்."

அந்தத் திடல் போனால் நாங்கள் சேர்ந்து நிற்க வேறு இடம் கிடையாது. கோயில் திருவிழா வருஷத்துக்கு ஒரு முறை, சாவு வீடு எப்போதாவது. வாராவாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அங்கே மட்டும்தான். இதை யாரும் எழுந்து சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய முகத்திலும் அது தெரிந்தது.

"வருவாங்க மிஸ்" என்றார் தலைவர். "ஒரு மேட்ச் வந்து பாருங்க. அப்புறம் எழுதுங்க."

மிஸ் சரி என்றார். கேள்வி இருக்கிறதா என்று கேட்டதும் அந்தப்பக்கம் அண்ணன் எழுந்து திரைக்கு அருகே போய் வரைபடத்தை உற்றுப் பார்த்தார்.

"மிஸ், இந்தப் பக்கம் கூர போட்டு சீட்டு போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் என்னா?"

"அந்தப் பக்கம் வேலி, அங்கிள். வேலிக்குப் பின்னாடி கால்வாய்."

"வர்றவங்க எங்க உக்காருவாங்க? கால்வாயிலயா?"

மண்டபமே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த டேப்லட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அன்றே செயற்குழு அண்ணன் வீட்டுக்குப் போனது. நானும் போனேன். தலைவர் கையைக் கூப்பாத குறை. "அண்ணே, ஒரே ஒரு நாளு. மிஸ் வர்ற அன்னிக்கு நம்ம பக்கம் உக்காருங்க. நம்ம ஊரு ஆளே எதிர்ப்பக்கம் நின்னு கத்துனா மிஸ் என்னா நெனைப்பாங்க?" அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "சரி" என்றார். அஞ்சலை அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாவம்லா மனுசன்" என்றார். வாராவாரம் ரசத் தீர்ப்பு வழங்கும் வாயிலிருந்து இது வந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். கோயிலிலிருந்து பந்தலும் நாற்காலிகளும் வந்தன. உறுமி மேளப் பையன்கள் வந்தார்கள். லுக்குட், சுவா, செனாவாங் என்று எங்கெங்கோ இருந்த பழைய தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. தலைவருக்கு ஒரு யோசனை பிறந்தது. மிஸ்ஸை வெயிலில் உட்கார வைக்க முடியாது, வெயிலில் சுருங்கிய முகங்களோடு கூட்டத்தைப் படம் எடுத்தால் நன்றாக இருக்காது. ஆகவே பந்தலை நிழல் பக்கம் போடச் சொல்லிவிட்டார். எங்கள் ஞாபகத்தில் முதல் தடவையாக நாங்கள் நிழலிலும், வந்தவர்கள் வெயிலிலும்.

வந்தவர்கள் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை அணி. ஆட்களில் பாதிப் பேரை ஓவர்டைமுக்கு இழுத்துக்கொண்டார்களாம். ஆடுவதற்குச் சரியாகப் பதினொரு பேர் மட்டும் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். மாற்று ஆட்டக்காரர் கிடையாது, ரசிகர் கிடையாது, லோரி ஓட்டுநர்கூடக் கிடையாது. சில பேர் இரவு வேலை முடித்துச் சரியாகத் தூங்காமலே வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும்வரை கிழக்கு ஓரத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள், வெயிலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

அண்ணனை முன்வரிசையில் மிஸ்ஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கோல் எங்களுக்கு விழுந்தது. உறுமி அதிர்ந்தது, பந்தல் குலுங்கியது. தலைவர் குனிந்து, "அண்ணே, எதாவது சொல்லுங்க" என்றார். அண்ணன் துக்க வீட்டில் கைகொடுப்பவரைப் போல "நல்ல கோல்" என்றார். இரண்டாவது கோலுக்கும் அதே குரல். மூன்றாவதுக்கு உதடு மட்டும் அசைந்தது.

நான்காவது கோல் விழுந்தபோது வேறொன்று நடந்தது. யாரும் பெரிதாகக் கத்தவில்லை. ஜெயித்தாயிற்று, இனி என்ன இருக்கிறது? ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் இன்றைக்கு டிவியில் பெரிய ஆட்டம் என்றார். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். இடைவேளை விசில் ஊதும்போது பந்தலுக்குப் பின்னால் மோட்டார்கள் உறுமத் தொடங்கிவிட்டன. மிஸ் திரும்பிப் பார்த்தார், கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தார். தலைவருக்கு நிழலில் வேர்த்தது. இத்தனை கூட்டத்தை வரவழைத்து, இத்தனை கோலும் அடித்து, திடலை நாங்களே கடைவீட்டுக்காரனிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

தேநீர் வாளி வந்தது. தலைவர், "மொதல்ல மிஸ்ஸுக்கு, அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு" என்றார்.

அண்ணன் எழுந்துவிட்டார்.

"சண்முகம், வாக்கு குடுத்தேன், பாதி ஆட்டம் உக்காந்துட்டேன். இதுக்கு மேல என்னால ஆவாது. வந்தவன வெயில்ல ஒக்கார வச்சிட்டு, நம்ம நெழல்ல ஒக்காந்து தண்ணி குடிச்சிக்கிட்டு நமக்கே கை தட்டிக்கிறதா? என்னா பழக்கம்லா இது?"

தலைவர் பதில் சொல்வதற்குள் அண்ணன் தன் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, திடலைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே நடந்தார். மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் போய் நாற்காலியைப் போட்டு, ஹெல்மெட் போட்டவர்களுக்கு முன்னால் நின்று, அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கத்து கத்தினார்.

அஞ்சலை அக்கா எங்களைப் பார்த்து, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தூக்குங்க வாளிய!" என்றார்.

"அக்கா, மிஸ் இன்னும் குடிக்கல..."

"மிஸ்ஸும் வரட்டும். வந்தவங்களுக்குத்தான் மொதல்ல."

வாளி போனது. வாளிக்குப் பின்னால் வடைத் தட்டு போனது. வடைக்குப் பின்னால் உறுமிப் பையன்கள் போனார்கள், அவர்களுக்கு வேறு கொள்கை கிடையாது. கிளம்பிக்கொண்டிருந்த மோட்டார்க்காரர்கள் என்ன நடக்கிறது என்று பார்க்க வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம். மிஸ்ஸும் எழுந்தார். செயலாளர் என்ற முறையில் நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. அக்கா முக்காலியைப் புருஷனுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அதையும் முதல் தடவையாகத்தான் பார்த்தேன். மிஸ் அவருக்கு அருகே குனிந்து, நான் வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வியைக் கேட்டார்.

"ஆன்ட்டி, அங்கிள் ஏன் இப்படி?"

"எல்லாம் என்னாலதான் மிஸ்" என்றார் அக்கா, வடையை எண்ணெய் வடியப் பேப்பரில் வைத்துக்கொண்டே. "நானு சுவா பக்கத்துத் தோட்டம். அப்ப இவங்க டீம் லோரில எங்க தோட்டத்துக்கு வந்துச்சு. ஒரு ஆளு கூட வரல. எங்க ஆளுங்க என்னாடான்னா, இவங்கள வெயில்ல ஒக்கார வச்சிட்டாங்க. இவரு ஒரு கோல் அடிச்சாரு. அடிச்சிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாக்குறாரு. ஒரு பய கை தட்டல. அந்த மூஞ்சிய பாக்க முடியல மிஸ். நான் தட்டிட்டேன்."

"அப்புறம்?"

"எங்கப்பா வீடு வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தாரு. இவரு அடுத்த வாரம் பொண்ணு கேட்டு வந்துட்டாரு."

மிஸ் அண்ணனைப் பார்த்தார். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காது மட்டும் சிவந்து, "அடிலா நீலச் சட்ட!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நீலச் சட்டை ஒருவர் தசைப்பிடித்துப் படுத்துவிட்டார். இரவெல்லாம் மெஷினில் நின்ற கால். தூக்கிக்கொண்டு வந்து வெளியே கிடத்தினார்கள். மாற்று ஆள் இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் திரும்பினார். அவர் பார்வை என் பூட்ஸில் வந்து நின்றது.

"சேகரு! நீ சும்மாதான நிக்கிற? எறங்குலா!"

"அண்ணே, நான் நாலாம் டிவிஷன் ஆளு!"

"அங்க ஒன்ன எறக்குனாங்களா?"

குடையை மிஸ்ஸிடம் கொடுத்தேன். வேர்வையில் நனைந்த நீலச் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, என் வாழ்க்கையின் முதல் ஆட்டத்தை என் சொந்த அணிக்கு எதிராக ஆட இறங்கினேன். இறங்கிய உடனே பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "சேகரு! சேகரு!" உறுமி அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு திடல் என் பெயரைச் சொல்லிக் கத்துவதை நான் அதுவரை கேட்டதே இல்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் எனக்கு வந்த முதல் பந்தைக் கவனிக்கவில்லை. அது என் முழங்காலில் பட்டு, நேராக அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரரிடம் போய், அவர் குமாரைத் தாண்டி அடித்துவிட்டார்.

"அடப்பாவி!" என்றார் குமார். "எங்க அக்கா சுட்ட வடைய தின்னுட்டுத்தான போன?"

அதன்பிறகு அது வேறு ஆட்டமாகிவிட்டது. நீலச் சட்டைகளுக்கு எங்கிருந்து கால் வந்ததோ தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு கத்து, அந்தப் பக்கம் பதிலுக்கு ஒரு கத்து. நிழல் பக்கத்தில் மிச்சமிருந்தவர்கள் இப்போது பயந்துபோய் உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். இரண்டாவது கோல் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. நாலுக்கு மூன்று என்று நாலாம் டிவிஷன் தப்பிப் பிழைத்தபோது ஒரு மோட்டார்கூடக் கிளம்பியிருக்கவில்லை. டிவியில் பெரிய ஆட்டம் இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கடைசி விசிலுக்குப் பிறகு தலைவர் ஓடிவந்து மிஸ்ஸிடம், "மிஸ், இவங்கள்லாம் நம்ம ஆளுங்கதான், சும்மா அங்க நின்னாங்க, தப்பா எழுதிடாதீங்க" என்று கெஞ்சினார்.

"அங்கிள், நான் பத்து இடத்துக்கு மேல பாத்துட்டேன்" என்றார் மிஸ். "எல்லா ஊர்லயும் நாலு கோல் போனா கூட்டம் வீட்டுக்குப் போயிரும். இங்கதான் போகல. எதுக்குப் போகலன்னும் பாத்துட்டேன்." பிறகு கையிலிருந்த குடையை என்னிடம் நீட்டி, "நல்லா வெளயாண்டீங்க" என்றார். பொய்தான். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது திடல் ஓரத்தில் பெரிய பலகை நிற்கிறது. ஸ்டேடியம் என்று முடிவாகிவிட்டது, வேலை தொடங்கப்போகிறது. பலகையில் இருக்கும் வரைபடத்தில் வேலி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கூரையும் அதன் அடியில் சில வரிசை நாற்காலிகளும் வந்திருக்கின்றன. செம்பனைப் பக்கம், நிழல் பக்கம். அதுதான் வந்தவர்களுக்கு. கால்வாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டார்களாம்.

பலகையை நட்ட அன்று மிஸ் வந்திருந்தார். அண்ணனும் அக்காவும் வந்திருந்தார்கள். அண்ணன் பலகைக்கு முன்னால் நின்று, நெற்றியில் கையை வைத்து, வரைபடத்தின் இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு சின்னக் கூரையின் மேல் விரலை வைத்து, "இங்க" என்றார்.

"ஆன்ட்டிக்கும் சேத்து அங்க ரெண்டு சீட்டு, பக்கத்துல பக்கத்துல" என்றார் மிஸ் சிரித்துக்கொண்டே.

"எனக்கு வேணாம் மிஸ்" என்றார் அக்கா. "அன்னிக்கு ஒரு தடவ பக்கத்துல ஒக்காந்து பாத்தேன். காதுதான் போச்சு. மூஞ்சியே தெரியல. நான் இந்தப் பக்கமே நேரா ஒக்காந்துக்கிறேன்."

முக்காலி எதற்காக இத்தனை வருஷம் நகர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் பலகையைப் பார்த்தபடியே நின்றார். அவர் காது மறுபடியும் சிவந்திருந்தது.

அவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்கு வேண்டும் என்று மிஸ்ஸிடம் சொல்லி வைத்துவிட்டேன். என் பெயரைச் சொல்லிக் கத்திய மனிதரை அந்தப் பக்கம் தனியாக உட்கார விட எனக்கு மனசு வரவில்லை.